ஆச்சி போட்டால் ஊதா, நான் வடித்தால் பச்சை: வெட்பாலை எண்ணெய் பற்றி ஒரு கேள்வி

புளியரைக்காரி:

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருடம். ஊர் புளியரை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் பஸ் எஸ் வளைவில் முக்கி முனகித் திரும்புமே, அதற்குக் கீழே எங்கள் வீடு.

எங்கள் ஆச்சி வெட்பாலை எண்ணெய் போடுவாள். தாத்தாவுக்கு முழங்கையிலும் காலிலும் வெள்ளைச் செதிலாக உதிரும், டாக்டர் சோரியாசிஸ் என்றார். அவருக்காகத் தொடங்கியது. தாத்தா போய் ஆறு வருடமாகிறது, எண்ணெய் மட்டும் நிற்கவில்லை. தென்மலைப் பக்கமிருந்துகூட "தந்தப்பால எண்ண உண்டோ?" என்று கேட்டு ஆள் வரும். காசு வாங்கமாட்டாள்.

சித்திரை, வைகாசியில் சாரல் இறங்கும் முன்பே போட்டுவிடுவாள். கத்தியால் நறுக்க விடமாட்டாள், இரும்பு படக்கூடாதாம். பச்சை இலையைக் கையால் கிள்ளி ஒரு பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை ஊற்றி மொட்டை மாடியில் வைப்பாள். இரண்டாம் நாளே நிறம் மாறும். ஏழாம் நாள் நாவல்பழச் சாறுபோல இருக்கும்.

இதையே ப்ராஜெக்டாக எடுத்தேன். இலையைப் பத்து நாள் நிழலில் காயவைத்து, மிக்ஸியில் பொடித்து, 50 கிராமை சாக்ஸ்லெட்டில் (சால்வென்ட்டைக் கொதிக்கவிட்டுத் திரும்பத் திரும்ப இலைமேல் இறக்கும் கண்ணாடிக் கருவி) மெத்தனால் ஊற்றி எட்டு மணி நேரம் ஓட்டினேன். வந்தது கரும்பச்சை. ரோட்டாவில் வற்றவைத்தால் பச்சைத் தார். ஊதா எங்கேயும் இல்லை.

காசு கட்டி ஒரு லேபில் ஜிசி-எம்எஸ் (கலவையை ஆவியாக்கிப் பிரித்து, எடையை வைத்து எது எது என்று காட்டுவது) எடுத்தேன். 31 பெயர் வந்திருக்கிறது: பைட்டால், ஸ்குவாலீன், பால்மிடிக் அமிலம், டைஆக்டைல் தாலேட் என்று போகிறது. தாலேட்டுக்குக் கிருமியை அழிக்கும் குணம் இருப்பதாகக் கட்டுரைகள் இருக்கின்றன, அதையே முக்கியமாக எழுது என்கிறார் கைடு. டிபிபிஎச் (ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை) நன்றாக வந்தது. ஈகோலை, ஸ்டாஃபிலோகாக்கஸ் தட்டுகளில் கிருமி வளராத வட்டம் வரவில்லை.

ஊதா ஏன் வரவில்லை? இந்த 31-இல் மருந்து எது? காலத்தில் (column, சிலிக்கா நிரப்பிப் பொருள்களைப் பிரிக்கும் குழாய்) எந்த சால்வென்ட்டில் தொடங்குவது?

மூலைக்கடை மருந்தாளுநர்:

ஊதா உள்ளேதான் இருக்கும், பச்சையம் மறைக்கிறது. கொஞ்சம் ஆக்டிவேட்டட் கரி போட்டுக் கலக்கி வடிகட்டுங்கள். பச்சை போய்விடும்.

இலஞ்சி பழைய ஆள்:

கரியைப் போட்டுவிடாதே, தாயி. நீ என்றே எழுதுகிறேன், என் கடைசி மகள் வயதுதான் இருப்பாய். தட்டையான வளையங்களாக இருக்கும் மூலக்கூறுகளைக் கரி முதலில் பிடித்து விழுங்கும். நீ தேடுவதும் அந்த ரகம். பச்சையத்தோடு அதுவும் வடிதாளில் போய்விடும்.

நீ தேடும் ஊதா இலையில் இல்லை. அது ஆச்சியின் பாட்டிலில்தான் உண்டாகிறது.

வெட்பாலையின் தாவரப் பெயர் ரைட்டியா டிங்க்டோரியா. அவுரியின் பெயர் இண்டிகோஃபெரா டிங்க்டோரியா. வால் இரண்டுக்கும் ஒன்று, சாயத்துக்கு ஆவது என்று அர்த்தம். இலைக்குள் இருப்பது நிறமே இல்லாத ஒரு பொருள்: இண்டாக்சில், சர்க்கரையோடு கட்டிப்போடப்பட்டு. கட்டை அவிழ்க்கும் நொதி அதே இலையில் வேறொரு அறையில் இருக்கிறது. இலை முழுசாக இருக்கும் வரை இரண்டும் சந்திக்காது. கிள்ளினால் சந்திக்கும். சர்க்கரை கழன்ற இண்டாக்சில் காற்று பட்டதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து இண்டிகோ ஆகும், அது நீலம். ஆக்ஸிஜன் கொஞ்சம் கூடுதலாகப் பட்டால் ஒரு பகுதி ஐசாட்டின் ஆகும். ஐசாட்டினும் மிச்ச இண்டாக்சிலும் சேர்ந்தால் இண்டிரூபின், அது சிவப்பு. நீலமும் சிவப்பும் எண்ணெயில் கலந்தால் உன் நாவல்பழம்.

நீ என்ன செய்தாய்? மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும். எட்டு மணி நேரம் அதில் குளித்தால் நொதி வெந்துபோகும். கட்டு அவிழாத, நிறமில்லாத பொருள் அப்படியே பச்சைத் தாரில் கிடக்கும். காயும்போது இலையிலேயே கொஞ்சம் நீலம் உண்டாகியிருந்தாலும், இண்டிகோ மெத்தனாலில் கரையாது. திம்பிளிலேயே, அதாவது இலைப்பொடி போட்ட உறையிலேயே, தங்கியிருக்கும். அந்தச் சக்கையைக் கொட்டிவிட்டாயா?

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் கதையும் இதுதான். சூடாக்கி எடுத்த சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. சீன விஞ்ஞானி டூ யூயூ அம்மையார் கி.பி. நான்காம் நூற்றாண்டுச் சீன வைத்தியக் குறிப்பு ஒன்றைத் திரும்பப் படித்தார். அதில் காய்ச்சச் சொல்லவே இல்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது. சூடுதான் கெடுக்கிறது என்று பிடித்துக்கொண்டு, 35 டிகிரியில் கொதிக்கும் ஈதருக்கு மாறினார். 2015-இல் நோபல். கிள்ளுவது, பச்சை இலை, வெயில், ஏழு நாள் என்று ஆச்சி சொன்ன ஒவ்வொன்றையும் நோட்டில் எழுது. இரும்பு படக்கூடாது என்பதற்கு எனக்கு வேதியியல் காரணம் தெரியவில்லை. ஆனால் கையால் கிள்ளினால் இலை கசங்கும், கத்தி வெட்டிய இலை அவ்வளவு கசங்காது. ஒருவேளை அதுதானோ என்னவோ.

நான்கு பாட்டில் வை. ஒன்றில் ஆச்சி முறை, அப்படியே. இன்னொன்றில் இலையை இரண்டு நிமிடம் கொதிநீரில் முக்கி, ஈரம் போகத் துடைத்துப் போடு. மூன்றாவது கிள்ளிய இலை, ஆனால் நிழலில். நான்காவது வெறும் தேங்காய் எண்ணெய், அதே வெயில், அதே ஏழு நாள். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். காய்ந்து வெடித்த தோலில் வெறும் தேங்காய் எண்ணெய் தடவினாலே செதில் குறையும். அதைக் கழிக்காமல் இலைக்கு மார்க் போட முடியாது.

புளியரைக்காரி:

அண்ணாச்சி, சக்கையைக் கொட்டிவிட்டேன். 😭

பாட்டில் நான்கும் இன்றே வைக்கிறேன். ஜிசி-எம்எஸ் ரிப்போர்ட்டை என்ன செய்ய? கைடு அதை வைத்துத்தான் தலைப்பே எழுதியிருக்கிறார். லேபுக்கு அனுப்பும்போது தாரை ஹெக்சேனில் கரைத்து ஒரு பழைய பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தேன், அது பிரச்சனையா?

இலஞ்சி பழைய ஆள்:

பிரச்சனைதான். அந்த டைஆக்டைல் தாலேட் செடியில் வந்ததல்ல, குப்பியில் வந்தது. பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கச் சேர்ப்பது அது. குப்பி இல்லாவிட்டால் ரப்பர் குழாய், அதுவும் இல்லாவிட்டால் சால்வென்ட் கேன்.

இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டவன். 90-களில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் இருந்தபோது, ஒரு வேரிலிருந்து நிறமற்ற எண்ணெய்போல ஒன்று கிடைத்தது. டிஎல்சியில் (மெல்லிய சிலிக்காத் தகட்டில் ஓட்டிப் பிரித்துப் பார்ப்பது) ஒற்றைப் பொட்டு, அவ்வளவு சுத்தம். நான்கு மாதம் அதைத் தாலாட்டினேன். மாஸ் (எடை நிறமாலை) எடுத்தவர் தாளைப் பார்த்ததுமே 149-இல் நிற்கும் முள்ளைக் காட்டிச் சிரித்தார். தாலேட்டின் கைரேகை அது. வேரே போடாமல் வெறும் சால்வென்ட்டை அதே குழாயில் ஓட்டி வற்றவைத்தேன், அதிலும் வந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செடியில் தாலேட் கண்டுபிடித்ததாக இன்றும் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கைடிடம் எதிர்த்துப் பேசாதே. இலை போடாமல் ஒரு வெற்று ஓட்டம் எடுத்து, அந்தத் தாளை மேசையில் வை. அது போதும்.

மற்றபடி ஜிசியில் ஆவியாகி ஓடும் பொருள்தான் தெரியும். இண்டிகோ அதில் ஏறாது. பைட்டால் பச்சையத்தின் வால், எந்த இலையை வடித்தாலும் வரும். 31 பெயரும் கம்ப்யூட்டர் நூலகம் பொருத்திப் பார்த்துச் சொன்ன உத்தேசம்தான். அந்தப் பட்டியலில் மருந்தைத் தேடாதே.

அப்புறம் காலம். தாரை விடு, ஆச்சியின் எண்ணெயை எடு. ஹெக்சேனில் நீர்த்து சிலிக்காவில் ஏற்று. முதலில் வெறும் ஹெக்சேன், பிறகு எத்தில் அசிடேட் ஐந்து, பத்து சதவீதம். தேங்காய் எண்ணெய் இறங்கிப் போகும், நிறம் மேலேயே நிற்கும். எண்ணெய் முழுதும் போனதும் குளோரோஃபார்ம் விடு. சிவப்பும் நீலமும் கண்ணுக்கு முன்னால் பிரியும், தெளிப்பான் எதுவும் வேண்டாம். டிஎல்சிக்கு டொலுயீன், குளோரோஃபார்ம், அசிட்டோன் 5:4:1 நன்றாக வேலை செய்யும். குளோரோஃபார்மை ஃப்யூம் ஹூடுக்கு வெளியே திறக்காதே. ஒப்பிட ஸ்டாண்டர்ட் வேண்டுமே என்று பயப்படாதே. இண்டிகோ என்பது ஜீன்ஸ் துணிக்குப் போடும் அதே நீலம், சாயக்கடையில் மலிவாகக் கிடைக்கும். இண்டிரூபின்தான் காசு கேட்கும், கொஞ்சமாக வாங்கு.

ஒரு பொறி இருக்கிறது. இண்டிகோவுக்கும் இண்டிரூபினுக்கும் வாய்பாடு ஒன்றுதான், மூலக்கூறு எடை இரண்டுக்கும் 262. மாஸை மட்டும் காட்டி "இதுதான்" என்று எழுதினால் வைவாவில் மாட்டுவாய். நிறமாலையையும் எடு. இண்டிரூபின் 540 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சும், இண்டிகோ 600-ஐத் தாண்டி. அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் என்எம்ஆர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி சோதனைகள். டிபிபிஎச் நன்றாக வந்தது என்றாய். தேயிலைச் சாயத்துக்கும் நெல்லிக்காய்க்கும்கூட நன்றாகத்தான் வரும். டிபிபிஎச்சின் ஊதா மங்குவதை 517-இல் அளக்கிறோம். நீ கொண்டுபோய் ஊற்றப்போவதே ஒரு ஊதாப் பொருள். வரும் அளவை எப்படி நம்புவது? செல் சோதனையில் எம்டிடி-யும் அப்படித்தான், உயிருள்ள செல் உண்டாக்கும் ஊதாவை 570-இல் அளப்பது. உன் சரக்கு செல்லைக் கொன்றிருந்தாலும் அதன் நிறமே "உயிரோடு இருக்கிறது" என்று சொல்லிவிடும். செல் போடாத குழியில் சரக்கை மட்டும் போட்டு அளந்து கழி, இல்லையென்றால் செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிபான் நீலம் போட்டு ஒவ்வொன்றாக எண்ணு. எண்ணுவது சலிப்புதான், ஆனால் பொய் சொல்லாது.

கிருமி வட்டம் வராததற்கு அழாதே. எண்ணெய் கிருமி வளர்க்கும் அகார் கூழில் பரவாது, அதனால் வட்டம் வராததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதைவிட, சோரியாசிஸ் கிருமியால் வரும் நோயே இல்லை. மேல்தோல் புதிதாக ஏறிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் மூன்று, நான்கு நாளில் ஏறிவிடும், முற்றாத செல்கள் செதிலாக உதிரும். தோல் செல் பெருகுவதை எது தணிக்கிறது என்பதுதான் உன் கேள்வி. அதற்கு ஹாகாட் என்ற மனிதத் தோல் செல் வரிசை உண்டு. உன் கல்லூரியில் இல்லையென்றால் வைத்திருக்கும் இடத்தோடு சேர்ந்து செய். சிவப்பு, நீலம், எண்ணெய்ப் பகுதி, பிரிக்காத முழு எண்ணெய் என நான்கையும் கொடு. செயல் எந்தப் பகுதியோடு போகிறது என்று பின்தொடர்ந்தால்தான் பிரித்தெடுத்ததற்கு அர்த்தம். மொத்தத்தில் வேலை செய்து, தனித்தனியாக எதிலும் செய்யாமல் போகவும் கூடும். அதுவும் ஒரு முடிவுதான், மறைக்காதே.

இந்த வழி வெறும் கற்பனை இல்லை. சீன மருத்துவத்தில் சிங் தாய் என்று ஒரு நீலப்பொடி உண்டு, நீலச்செடி இலையிலிருந்து எடுப்பது. தைவானில் 42 சோரியாசிஸ் நோயாளிகளுக்கு ஒரு பக்கம் அந்தக் களிம்பும் மறுபக்கம் மருந்தில்லாத களிம்பும் பூசி 2008-இல் வெளியிட்டார்கள், மருந்துப் பக்கம் தெளிவாகத் தேறியது. இண்டிகோவும் இண்டிரூபினும் செல்லுக்குள் ஏஎச்ஆர் என்ற ஏற்பியில் போய் ஒட்டும். அமெரிக்காவில் 2022-இல் சோரியாசிஸுக்கு அனுமதி பெற்ற டாபினாரோஃப் களிம்புக்கும் அதே ஏற்பிதான் இலக்கு. அந்த மூலக்கூறு முதலில் கிடைத்தது ஒரு நூற்புழுவுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவில். இதைச் சொன்னால் ஆச்சி என்னைத் திட்டுவாள்.

புனலூர் சித்தன்:

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து இந்தப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். எங்கள் பாடத்தில் இது காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிஸுக்கு, வெளிப்பூச்சு. இரண்டு எச்சரிக்கை மட்டும்.

முதலாவது மரம். வெட்பாலை என்று சொல்லிக் குடசப்பாலையைக் கொடுப்பது நம் எல்லையில் சகஜம். கேரளத்தில் வெட்பாலை தந்தப்பாலை, குடசப்பாலை குடகப்பாலை. பெயரும் நெருங்கி, மரமும் நெருங்கி, இரண்டுக்கும் பால் வடியும். குடசப்பாலையின் பட்டையும் விதையும் கழிச்சலுக்கானவை, அதில் கோனெசின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. காயைப் பாருங்கள்: வெட்பாலையில் இரட்டைக் காய்கள் தொங்கி நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும், குடசப்பாலையில் இரண்டும் தனித்தனி. பூவும் காயும் உள்ள கிளையை அழுத்திக் காயவைத்து ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகம்) கொடுத்து எண் வாங்கிவிடுங்கள். எண் இல்லாத இலையை வைத்து எழுதியதை நாளை யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது. மரம் ரிசர்வ் காட்டுக்குள் நிற்கிறதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது, யாரும் குடிக்கக்கூடாது. பூசினால் நல்லதுதானே, ஒரு ஸ்பூன் உள்ளே போனால் இன்னும் நல்லதல்லவா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மேலே அண்ணாச்சி சொன்ன சிங் தாயைப் பெருங்குடல் புண்ணுக்காக விழுங்கிய சிலருக்கு நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியது. ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2016 கடைசியில் எச்சரிக்கை விட்டது. இயற்கைதானே என்பதற்கு அங்கேயே பதில் இருக்கிறது.

எண்ணெய் வாங்கிப் போகிறவர்களிடம் "குணமாயிற்றா?" என்று கேட்டு அதை ஆய்வறிக்கையில் சதவீதமாகப் போடவும் வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் மனிதர் மேல் எந்தச் சோதனையும் கிடையாது.

மூலைக்கடை மருந்தாளுநர்:

கரி விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இந்த எண்ணெயை லேபிள் ஒட்டி விற்க நினைத்தால் சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிப்புக்கான 25-டி உரிமம் வேண்டும், சும்மா ஆன்லைனில் போட்டுவிட வேண்டாம்.

புளியரைக்காரி:

பத்து நாள் கழித்து வருகிறேன்.

ஒன்றாம் பாட்டில் வழக்கம்போல நாவல்பழம். நிழல் பாட்டிலும் மாறியது, ஆனால் ஐந்தாம் நாள்தான் தொடங்கியது, இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. கொதிநீரில் முக்கிய இலை போட்டது ஏழாம் நாளும் இளம்பச்சை. வெறும் எண்ணெய் வெறும் எண்ணெயாகவே இருக்கிறது. நான்கையும் வரிசையாக ஜன்னலில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி வந்து இரண்டாம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "வெந்த எலையப் போட்டா என்னத்த ஊறும்? எங்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றாள். நான் கேட்கவில்லைதான்.

வெற்று ஓட்டத்திலும் தாலேட் வந்துவிட்டது. கைடு தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "தலைப்பை மாற்றிக் கொண்டுவா" என்று மட்டும் சொன்னார்.

மரம் வெட்பாலையேதான், நுனி ஒட்டிய காய். காட்டுக்குள் இல்லை, எங்கள் தோட்ட வேலியில் நிற்கிறது. கிளையைப் பாளையங்கோட்டைக்கு எடுத்துப் போகிறேன்.

காலத்தில் எண்ணெய் இறங்கிப் போனதும் குளோரோஃபார்மில் ஒரு சிவப்புப் பட்டை வந்தது பாருங்கள், ரோஜா நிறம்! டிஎல்சியில் அது நன்றாக ஏறுகிறது. ஆனால் நீலம் பொட்டு வைத்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஜீன்ஸ் சாயமும் அப்படியேதான் நிற்கிறது. சால்வென்ட் தப்பா, அண்ணாச்சி?

இலஞ்சி பழைய ஆள்:

சால்வென்ட் சரிதான். அள்ளி வைத்திருக்கிறாய். இண்டிகோ அவ்வளவு எளிதில் கரையாது, தகட்டில் பொடியாகவே உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு நீலம் தெரிகிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குளோரோஃபார்மில் நீர்த்து, ஒரே ஒரு சொட்டு வை. சாயத்துக்கும் அதே அளவு. ஓடியதும் சொல்.

சிவப்புப் பகுதியைக் கண்ணாடிக் குப்பியில் வை, பிளாஸ்டிக் வேண்டாம்.